மணியோசை இல்லாத யானை

மாயாவதி உருவாக்கிய மாவட்டத்தில் அவர் வளர்த்த தலைவர்கள் எல்லாப் பெரிய கட்சிகளிலும் இருக்கிறார்கள், அவருடைய கட்சியைத் தவிர. அடுத்த மக்களவைத் தேர்தலில் பகுஜன் சமாஜ் எழுமா, எழாதா என்று கணிக்க விரும்புபவர்கள் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய ஊர் அம்பேத்கர் நகர்.

லக்னோவிலிருந்து அயோத்தி வழியாக வாராணசிக்குப் போகும் ரயில் பாதையில் இருக்கிறது அக்பர்பூர் சந்திப்பு. இறங்கினால் வழக்கமான கிழக்கு உ.பி. சிற்றூர்தான்: தூசி, மின்சார ரிக்‌ஷா, மண் குவளையில் தேநீர், சாலையை அடைத்துக்கொண்டு நகரும் கரும்பு டிராக்டர். ஊரின் நடுவே தமசை ஆறு ஓடுகிறது. வனவாசம் புறப்பட்ட ராமன் முதல் இரவைக் கழித்தது இந்த ஆற்றங்கரையில்தான் என்கிறது ராமாயணம். தசரதனின் அம்பு பட்டு சிரவணன் விழுந்த இடம் என்று பக்கத்திலேயே ஒரு தலத்தையும் காட்டுகிறார்கள். ஊருக்குப் பெயர் தந்தவரோ மொகலாயப் பேரரசர்.

புராணமும் சரித்திரமும் போதாதென்று அரசியலும் இங்கே ஆழமாக வேரோடியிருக்கிறது. சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா 1910 மார்ச் 23 அன்று பிறந்தது அக்பர்பூரில். பிற்படுத்தப்பட்டோருக்கு நூற்றுக்கு அறுபது இடம் வேண்டும் என்று முழங்கிய மனிதரின் ஊரை, அவர் இறந்து 28 ஆண்டுகளுக்குப் பின் அம்பேத்கரின் பெயரால் ஒரு மாவட்டத்தின் தலைநகராக்கினார் மாயாவதி. பைசாபாத் மாவட்டத்தைப் பிரித்து அம்பேத்கர் நகர் மாவட்டம் அமைக்கப்பட்ட நாள் 1995 செப்டம்பர் 29.

அந்தத் தேதிக்கு ஒரு பின்னணி உண்டு. அதே ஆண்டு ஜூன் 3 அன்று, பாஜகவின் ஆதரவோடு, இந்தியாவின் முதல் தலித் பெண் முதல்வராக மாயாவதி பதவியேற்றிருந்தார். செப்டம்பரில் லக்னோவில் பெரியார் மேளா நடத்தினார். ஈ.வெ.ரா. சிலை வைக்கும் யோசனையும் கிளம்பியது. ஈரோட்டுப் பெரியவரின் பெயரைக் கேட்டதுமே ஆதரவுக் கட்சியில் முகங்கள் சுளித்தன. அக்டோபரில் பாஜக ஆதரவை விலக்கிக்கொள்ள, ஆட்சி நாலரை மாதத்தில் கவிழ்ந்தது. நாற்காலி ஆடிக்கொண்டிருந்த அந்த வாரங்களில்தான் அவசர அவசரமாக இந்த மாவட்டம் பிறந்தது. சிலை நிற்கவில்லை. மாவட்டம் நின்றுவிட்டது.

அது சாதாரண விஷயமல்ல. பின்னாட்களில் அவர் பெயர் சூட்டிய மகாமாயா நகர், கான்ஷிராம் நகர், ஜோதிபா பூலே நகர் உள்ளிட்ட எட்டு மாவட்டங்களை 2012-இல் வந்த சமாஜ்வாதி அரசு பழைய பெயர்களுக்கோ ஊர்ப் பெயர்களுக்கோ மாற்றியது. அந்தப் பட்டியலில் அம்பேத்கர் நகர் இல்லை. அந்தப் பெயரில் கை வைத்தால் கை சுடும் என்பது எல்லாக் கட்சிகளுக்கும் தெரியும்.

மாவட்டத்தில் ஏறத்தாழ நாலில் ஒருவர் தலித். கிராமங்களின் ஓரத்தில், தலித் குடியிருப்பு தொடங்கும் இடத்தில், நீலக் கோட்டு அணிந்து, ஒரு கையில் புத்தகமும் மறு கையில் சுட்டு விரலுமாக நிற்கிறார் அம்பேத்கர். பல சிலைகள் கம்பிக் கூண்டுக்குள் இருக்கின்றன. யாராவது இரவில் உடைத்துவிடக் கூடாதே என்ற கவலை. அந்தக் கூண்டுதான் பகுஜன் சமாஜின் கதை தொடங்கும் இடம். பத்திரிகையாளர்கள் இங்கே தேர்தல் தோறும் தடுக்கி விழுவதற்கான காரணமும் அங்கேயே இருக்கிறது.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். பகுஜன் சமாஜின் யானைக்கு மணி கிடையாது. தேர்தலுக்கு முன் டெல்லியிலிருந்து வரும் கார் வழக்கமாக நிற்பது கடைவீதியிலும் தேநீர்க் கடையிலும். அங்கே உட்கார்ந்து உரக்கப் பேசுபவர்கள் ஊரின் வலுவான சாதிக்காரர்கள். தலித் கூலித் தொழிலாளி அந்த பெஞ்சில் உட்காருவது அரிது. உட்கார்ந்தாலும் யாருக்கு ஓட்டு என்று கேட்டால் ‘பார்க்கலாம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். நாளைக்கு அதே கடைவீதியில் அவருக்கு வேலை வேண்டும், கடன் வேண்டும். வாயைத் திறக்காமல் இருப்பது அவருக்குக் காப்பு.

இந்த மௌனம் கணிப்பாளர்களை இரண்டு திசையிலும் ஏமாற்றியிருக்கிறது. 2007 சட்டமன்றத் தேர்தலில் தொங்கு சபை என்றே ஏறக்குறைய எல்லோரும் எழுதினார்கள். எண்ணி முடித்தபோது 403-இல் 206 இடங்கள், 30.4 சதவீத ஓட்டு, தனிப் பெரும்பான்மை. அம்பேத்கர் நகரின் ஐந்து தொகுதிகளும் யானைக்கே. அடி வாங்கியவர்கள் அடுத்த முறை எச்சரிக்கையாக எதிர்ப் பக்கம் சாய்ந்தார்கள். 2009 மக்களவைத் தேர்தலுக்கு முன் மாயாவதி பிரதமராகக் கூடும் என்றுகூடப் பேச்சு அடிபட்டது. கிடைத்தது உ.பி.யில் 20 இடம். சொல்லாத ஓட்டை இல்லாத ஓட்டு என்று நினைத்தது முதல் தவறு. சொல்லாத ஓட்டெல்லாம் யானைக்கே என்று நினைத்தது இரண்டாவது தவறு.

கூட்டத்தைப் பார்த்துக் கணிப்பவர்களுக்கும் இதே கதிதான். மாயாவதி தெருத் தெருவாக ஊர்வலம் போவதில்லை. மேடையில் நின்று எழுதி வைத்த உரையைப் படிப்பார். கட்சி வழக்கமாகத் தேர்தல் அறிக்கை வெளியிடுவதும் இல்லை. ஆனாலும் லக்னோவில் மைதானம் நிறையும். ரொட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு, ரயிலிலும் டிராக்டரிலும் வந்து, தரையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் திரும்புவார்கள். அந்தக் கூட்டம் உண்மையானது. ஆனால் அது கட்சியின் அடித்தளம் மட்டுமே. வெற்றி என்பது அடித்தளத்துக்கு மேல் எழும் மாடி.

இந்தக் கட்டடக் கலையைப் புரிந்துகொள்ள அம்பேத்கர் நகர்தான் சரியான பாடசாலை. மாநிலத்தில் தலித்துகள் நூற்றுக்கு 21 பேர். அவர்களில் பாதிக்கு மேல் மாயாவதி பிறந்த ஜாதவ் சமூகத்தினர். அந்த ஓட்டு மட்டும் ஒரு தொகுதியில் ஜெயிக்கப் போதாது. எனவே கான்ஷிராம் வகுத்த வழி: அடித்தளம் கட்சியுடையது, மேல்கட்டு வேட்பாளருடையது. குர்மி வேட்பாளர் குர்மி ஓட்டைக் கொண்டு வருவார், ராஜ்பர் ராஜ்பர் ஓட்டை, நிஷாத் படகோட்டிகளின் ஓட்டை, முஸ்லிம் நெசவாளர்களின் ஓட்டை. 2007-இல் இதே சூத்திரத்தை பிராமணர்கள் வரை நீட்டினார் மாயாவதி. ஒரு காலத்தில் மேல்சாதிகளைச் செருப்பால் அடிக்கச் சொன்ன கோஷம் அடங்கி, யானை அல்ல, இது கணேசன் என்ற கோஷம் எழுந்தது.

அந்தச் சூத்திரத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் இந்த மாவட்டத்தில் ஓர் ஆள் இருந்தார். குர்மிகளுக்கு லால்ஜி வர்மா, ராஜ்பர்களுக்கு ராம் அசல் ராஜ்பர், நிஷாதுகளுக்கு தர்மராஜ் நிஷாத், தலித்துகளில் திரிபுவன் தத், பிராமணர்களில் ராகேஷ் பாண்டே. அமைச்சர்களாக, எம்.எல்.ஏ.க்களாக, எம்.பி.க்களாக இவர்கள் உருவானது யானையின் நிழலில். மாயாவதியே அக்பர்பூரிலிருந்து 1998, 1999, 2004 என மூன்று முறை மக்களவைக்குப் போனார். 2002-இல் முதல்வரானதும் அவர் விட்ட இடத்துக்கு இடைத்தேர்தலில் வந்தவர் திரிபுவன் தத். தொகுதி மறுவரையறையில் 2009-இல் இது பொதுத் தொகுதியாகி, அம்பேத்கர் நகர் என்று பெயரும் மாறியபோது ஜெயித்தவர் ராகேஷ் பாண்டே.

இன்று இவர்கள் எங்கே? 2021 ஜூனில் வர்மாவையும் ராஜ்பரையும் மாயாவதி கட்சியிலிருந்து நீக்கினார். இருவரும் சமாஜ்வாதியில் சேர்ந்தார்கள். திரிபுவன் தத்தும் அங்கே போனார். 2022 தேர்தலுக்குச் சற்று முன் பாண்டேயும் போய்ச் சேர்ந்தார். அந்தத் தேர்தலில் மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளையும் சமாஜ்வாதி வென்றது. வென்ற ஐவரில் நால்வர் பழைய பகுஜன் சமாஜ்காரர்கள். மாநிலம் முழுவதும் பகுஜன் சமாஜுக்குக் கிடைத்ததோ ஒரே ஓர் இடம்.

2024 மக்களவைத் தேர்தலில் வேடிக்கை உச்சத்துக்குப் போனது. பகுஜன் சமாஜின் சிட்டிங் எம்.பி. ரிதேஷ் பாண்டே, ராகேஷ் பாண்டேயின் மகன், பிப்ரவரியில் பாஜகவில் சேர்ந்து அதன் வேட்பாளரானார். அவரை எதிர்த்து சமாஜ்வாதி நிறுத்தியது லால்ஜி வர்மாவை. அதாவது, இரு பெரிய கட்சிகளின் சின்னத்திலும் நின்றது பகுஜன் சமாஜின் முன்னாள் பிள்ளைகள். அப்பா சமாஜ்வாதி எம்.எல்.ஏ., மகன் பாஜக வேட்பாளர். அதே பிப்ரவரியில் நடந்த மாநிலங்களவைத் தேர்தலில் அப்பாவும் கட்சி மாறி பாஜகவுக்கு ஓட்டளித்திருந்தார். மே 25 அன்று ஓட்டுப்பதிவு. ஜூன் 4 அன்று லால்ஜி வர்மா சுமார் 1.37 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். யானை மூன்றாம் இடத்தில்.

நாடகம் அதோடு முடியவில்லை. வர்மா எம்.பி. ஆனதால் காலியான கட்டேஹரி சட்டமன்றத் தொகுதிக்கு நவம்பரில் இடைத்தேர்தல். சமாஜ்வாதி வர்மாவின் மனைவியை நிறுத்தியது. பாஜக சார்பில் நின்று அவரைத் தோற்கடித்தவர் தர்மராஜ் நிஷாத். மாயாவதியின் பாசறையில் வளர்ந்த அதே நிஷாத். பாகன்கள் எல்லோரும் இருக்கிறார்கள். யானையைத்தான் காணோம்.

அப்படியானால் பகுஜன் சமாஜின் கதை முடிந்துவிட்டதா? எண்கள் அப்படித்தான் சொல்கின்றன, மேலோட்டமாகப் பார்த்தால். 2014-இல் உ.பி.யில் அதற்குக் கிட்டத்தட்ட 20 சதவீத ஓட்டு. 34 தொகுதிகளில் இரண்டாம் இடம். கிடைத்த இடம் பூஜ்யம். 2019-இல் சமாஜ்வாதியோடும் ராஷ்ட்ரிய லோக் தளத்தோடும் கூட்டு. ஓட்டு சதவீதம் ஏறக்குறைய அதேதான், ஆனால் பத்து இடங்கள். அந்தப் பத்தில் ஒன்று அம்பேத்கர் நகர். 2014-இல் 1.39 லட்சம் வித்தியாசத்தில் பாஜகவிடம் இழந்த தொகுதியை, கூட்டணியின் பலத்தில் 95 ஆயிரத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் மீட்டது கட்சி. 2024-இல் தனித்து நின்றது. ஓட்டு 9.4 சதவீதமாகச் சரிந்து மறுபடியும் பூஜ்யம்.

இந்த மூன்று தேர்தல்களையும் அடுக்கி வைத்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். 2014-இல் தோற்றது மாடி, அடித்தளம் அசையவில்லை. 2019-இல் மாடியைக் கூட்டணி கட்டிக் கொடுத்தது. 2024-இல்தான் முதல் தடவையாக அடித்தளத்திலேயே விரிசல். உத்தரப் பிரதேசத்தில் தலித்துகளின் பங்கில் பாதிகூட இல்லாத ஓட்டு கட்சிக்கு வந்திருக்கிறது என்றால், ஜாதவ் வீடுகளிலும் ஒரு பகுதி வேறு சின்னத்தை அழுத்தியிருக்க வேண்டும்.

காரணத்தைத் தேட வெகு தூரம் போக வேண்டியதில்லை. பாஜகவின் நானூறு இடம் கோஷம் கிராமத்துக்கு வந்தபோது அதன் அர்த்தம் மாறிவிட்டது. நானூறு வந்தால் அரசியல் சட்டத்தை மாற்றுவார்கள், இடஒதுக்கீடு போய்விடும் என்று எதிர்க்கட்சிகள் செய்த பிரசாரம், கூண்டுக்குள் நிற்கும் சிலையின் கையில் இருக்கும் புத்தகத்தைத் தொட்டது. அந்தப் புத்தகத்தைக் காப்பாற்ற யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்ற கேள்விக்கு, ஜெயிக்கக் கூடியவருக்கு என்று பலர் பதில் கண்டார்கள். பக்கத்து பைசாபாத்தில், அயோத்தி அடங்கிய பொதுத் தொகுதியில், பாசி என்ற தலித் சமூகத்தைச் சேர்ந்த அவதேஷ் பிரசாதை சமாஜ்வாதி நிறுத்தி ஜெயித்தது இந்தக் காற்றில்தான்.

மேற்கே பிஜ்னோர் மாவட்டத்தில் நடந்தது மாயாவதியை இன்னும் அதிகமாக வருத்தியிருக்கும். 1989-இல் அவர் முதன்முதலாக மக்களவைக்குப் போனது பிஜ்னோரிலிருந்து. அதே மாவட்டத்தின் நகினா தனித் தொகுதியில், கான்ஷிராம் பெயரையே கட்சிப் பெயரில் தாங்கிய ஆசாத் சமாஜ் கட்சியின் சந்திரசேகர் தனியாக நின்று வென்றார். பகுஜன் சமாஜ் வேட்பாளருக்குக் கிடைத்தது சுமார் 13 ஆயிரம் ஓட்டு. தலித் இளைஞர்களுக்கு வேறொரு முகம் கிடைத்துவிட்டது. மாயாவதியின் வாரிசாக அறிவிக்கப்பட்ட மருமகன் ஆகாஷ் ஆனந்தோ 2024 தேர்தலின் நடுவிலேயே பதவியிலிருந்து இறக்கப்பட்டு, பிறகு ஏற்றப்பட்டு, 2025 மார்ச்சில் நீக்கப்பட்டு, அடுத்த மாதமே மன்னிக்கப்பட்டார். தொண்டன் யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று குழம்பியதில் வியப்பில்லை.

ஆனால் யானை படுத்தாலும் குதிரை மட்டம். கட்சியின் மிக மோசமான ஆண்டான 2024-இல், பெரிய தலைவர்கள் எல்லோரும் போன பிறகு, வெற்றி வாய்ப்பே இல்லை என்று ஊருக்கே தெரிந்த நிலையில், அம்பேத்கர் நகரில் பகுஜன் சமாஜ் பெற்ற ஓட்டு 2 லட்சத்தை ஒட்டி வந்தது. மாநிலத்தில் பத்துக்கும் மேற்பட்ட தொகுதிகளில் அதன் ஓட்டு, வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையிலிருந்த வித்தியாசத்தைவிட அதிகம். தானாக ஜெயிக்க முடியாவிட்டாலும் அடுத்தவர் ஜெயிப்பதை நிர்ணயிக்கும் பலம் மிச்சம் இருக்கிறது. 2029 கணக்கைப் போடும் சமாஜ்வாதியும் பாஜகவும் இந்த 9 சதவீதத்தைத்தான் பசியோடு பார்க்கின்றன.

இந்த மிச்ச ஓட்டு ஏன் மிஞ்சுகிறது என்பதற்கும் பதில் இந்த மாவட்டத்துச் சாலைகளில் கிடைக்கிறது. அக்பர்பூரிலிருந்து வடக்கே போனால் சரயு என்றும் காக்ரா என்றும் அழைக்கப்படும் பெரிய ஆற்றின் கரையில் டாண்டா. நவாப் காலத்தில் ஜம்தானி மஸ்லினுக்குப் பெயர் பெற்ற ஊர். இப்போது வீட்டுக்கு வீடு விசைத்தறி. லுங்கியும் தோளில் போடும் கம்சாவும் நெய்கிறார்கள். ஆற்றோரம் 1760 மெகாவாட் அனல் மின் நிலையம். பக்கத்து சதர்பூரில் புத்தரின் தாய் மகாமாயாவின் பெயரில் அரசு மருத்துவக் கல்லூரி, மாயாவதி ஆட்சியில் எழுந்தது. அது கட்டடம். ஆனால் கிராமத்து தலித் நினைவில் வைத்திருப்பது வேறு. அம்பேத்கர் கிராமம் என்று அறிவிக்கப்பட்ட ஊர்களுக்கு வந்த செங்கல் பாதை, அடிகுழாய், கிடைத்த வீட்டு மனைப் பட்டா. எல்லாவற்றுக்கும் மேலாக, போலீஸ் நிலையத்தில் புகார் சொல்லப் போனால் துரத்தாமல் எழுதிக்கொண்டது. அந்த மரியாதை ஆட்சியோடு வந்தது, ஆட்சியோடு போனது என்று அவர்கள் நினைக்கிறார்கள். வயதானவர்கள் யானையை விடாததற்கு அந்த நினைவே காரணம். 2012-க்குப் பிறகு ஓட்டு வாங்கிய இளைஞர்களுக்கு அந்த நினைவு கிடையாது. அவர்கள் பார்த்ததெல்லாம் தோற்கும் யானைதான். கட்சியின் உண்மையான ஆபத்து இந்தத் தலைமுறை இடைவெளி. கட்சி மாறிய தலைவர்கள் அதற்கு அடுத்தபடிதான்.

முஸ்லிம் ஓட்டின் கணக்கு இன்னும் கடினம். டாண்டாவிலும் ஜலால்பூரிலும் தறி ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். 2024-இல் பகுஜன் சமாஜ் இங்கே முஸ்லிம் வேட்பாளரை நிறுத்தியும் தேர்தலைத் திசை திருப்ப முடியவில்லை. பாஜகவைத் தோற்கடிக்கக் கூடியவர் யார் என்ற ஒரே கேள்வியோடு சாவடிக்குப் போகும் வாக்காளர், மூன்றாம் இடத்தில் இருக்கும் கட்சிக்கு ஓட்டுப் போட மாட்டார். வேட்பாளரின் சாதியோ மதமோ அப்போது உதவாது. மாடி கட்ட வேண்டுமானால் முதலில் ஜெயிப்போம் என்ற நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கை வர மாடி வேண்டும். பகுஜன் சமாஜ் மாட்டிக்கொண்டிருக்கும் வட்டம் இதுதான்.

எனவே 2029-க்கு முன் இந்தப் பக்கம் வரும் கணிப்பாளர் தேநீர்க் கடையில் நேரத்தை வீணாக்க வேண்டாம். மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும். ஒன்று, போனவர்கள் திரும்புகிறார்களா? அவர்கள் வராவிட்டால் குர்மி, ராஜ்பர், நிஷாத் சமூகங்களிலிருந்து புதிய முகங்களைக் கட்சி சீக்கிரமே களத்தில் இறக்குகிறதா? கடைசி வாரத்தில் அறிவிக்கப்படும் வேட்பாளரால் மேல்கட்டு எழும்பாது. இரண்டு, கூட்டணி. தனித்து நின்ற 2014, 2024 இரண்டிலும் பூஜ்யம், சேர்ந்து நின்ற 2019-இல் பத்து. நம் ஓட்டு அவர்களுக்குப் போகிறது, அவர்கள் ஓட்டு நமக்கு வருவதில்லை என்பது மாயாவதியின் பழைய மனக்குறை. 2019 முடிந்த கையோடு கூட்டணியை முறித்ததும் அதனால்தான். ஆனால் எண்கள் அவர் மனக்குறைக்கு உடன்படவில்லை. மூன்று, சிலை நிற்கும் அந்தக் கிராமத்து ஓரத்தில் இருபது வயது இளைஞர்களின் பேச்சில் நீலக் கொடி ‘நாங்கள்’ என்று வருகிறதா, ‘அவர்கள்’ என்று வருகிறதா?

மூன்றுக்கும் சாதகமான பதில் இல்லையென்றால், கட்சி இன்னொரு பூஜ்யத்துக்குத் தயாராக வேண்டியதுதான். ஒன்றுக்காவது கிடைத்தால், கிழக்கு உ.பி.யின் கணக்குகள் எல்லாம் மாறும். இதற்கு மேல் துல்லியமாகச் சொல்பவர்கள் 2007-ஐயும் 2009-ஐயும் மறந்தவர்கள்.

2012 ஜனவரியில் சட்டமன்றத் தேர்தலை முன்னிட்டு லக்னோ, நொய்டா பூங்காக்களில் இருந்த கல் யானைகளைத் துணி போட்டு மூடச் சொன்னது தேர்தல் ஆணையம். சின்னம் கண்ணில் படக் கூடாதாம். பிரம்மாண்ட யானைகள் மூட்டைகளைப் போல நின்றன. போர்வைக்குள் இருப்பது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். தேர்தல் முடிந்ததும் துணியை எடுத்தார்கள். யானைகள் அப்படியே இருந்தன, ஆட்சிதான் இல்லை.

அக்பர்பூரில் பொழுது சாய்கிறது. வயலிலிருந்து திரும்பும் பெண்கள் கூண்டுச் சிலையைக் கடந்து போகிறார்கள். ஏப்ரல் 14 வந்தால் கம்பிக்குக் கூட நீல வண்ணம் பூசி, சிலைக்கு மாலை போட இப்போது எல்லாக் கட்சிக்காரர்களும் வரிசையில் நிற்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரில் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அதைச் சாதித்த கட்சிக்கு அந்த வரிசையில் இனி எத்தனையாவது இடம் என்பதை அந்தப் பெண்கள்தான் தீர்மானிப்பார்கள். யாருக்கு ஓட்டு என்று கேட்டால், இந்தத் தடவையும் பார்க்கலாம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.